நல்ல பணிக்கும் நேர்மையான சாட்சி வேண்டும்

கைப்புண்ணைப் பார்க்கக் கண்ணாடி வேண்டுவதில்லை என்பது நம் முன்னோர் வாக்கு. கண்ணெதிரே நிற்கும் உண்மைக்குச் சாட்சி தேடி அலைய வேண்டாம் என்பது அதன் கருத்து. ஆயின் அந்தப் புண் நம் கையில் இல்லாமல், ஆயிரம் மைல்களுக்கு அப்பாலுள்ள ஒருவர் கையில் இருக்குமானால் என் செய்வது? அப்போது கண்ணாடி வேண்டியதே. அதுவும் கோணலாகக் காட்டாத கண்ணாடியாக இருத்தல் வேண்டும்.

விளம்பரம், மக்கள் தொடர்பு, நிறுவனங்களின் செய்தித் தொடர்பு ஆகிய துறைகளில் ஆண்டுதோறும் விருதுகள் வழங்கப்பெறுகின்றன. அவற்றுக்கென எழுதி அனுப்பப்படும் விண்ணப்பம் இத்தகைய ஒரு கண்ணாடியே. பணி நடந்த ஊரை நடுவர்கள் கண்டதில்லை. பணி செய்தவர்கள் கண்விழித்த இரவுகளையும் அவர்கள் அறியார். பரீட்சகர் முன்னுள்ள விடைத்தாளைப் போல, சில பக்கங்களே அவர்கள் கையில் உள்ளன. நன்றாகப் படித்த மாணவன் விடையைத் தெளிவாக எழுதத் தவறின் புள்ளி இழப்பது போல, நன்றாக நடந்த பணியும் சரியாக எடுத்துரைக்கப்படாவிடின் பின்தள்ளப்படும். படிக்காத மாணவன் அழகிய கையெழுத்தால் தேறிவிட முயல்வதும் உண்டு. இவ்விரு வகையினரையும் மனத்திற்கொண்டு, உறுதியான விண்ணப்பம் எவ்வாறு உருவாகின்றது என்பதை நாம் ஈண்டு ஆராய்வோம். ஊடகக் கல்வியும் சந்தைப்படுத்தற் கல்வியும் பயிலும் மாணாக்கர் நம்மிடையே பலர் இருக்கின்றனர். அவர்களுக்கு மட்டுமன்றி, ஊர்ச் சங்கமொன்றுக்கு நிதியுதவி கேட்டு எழுதுபவருக்கும் இது பயன்படும் என நம்புகின்றோம்.

விருதுகள் பல, கேள்விகள் நான்கு

உலகில் இத்துறைக்கான விருதுகள் பல. அமெரிக்க மக்கள் தொடர்புச் சங்கம் வழங்குவது 'சில்வர் அன்வில்', அதாவது வெள்ளிப் பட்டடை விருது. வணிகத் தொடர்பாளரின் சர்வதேசச் சங்கம் வழங்குவது 'கோல்ட் குவில்' என்னும் பொன் இறகு விருது. 1968ஆம் ஆண்டு நியூயோர்க்கில் தோன்றிய 'எஃபி' விருது, விளம்பரத்தின் அழகைக் காட்டிலும் அதன் பயனையே முதன்மையாகக் கொள்வது. நம் நாட்டிலும் இலங்கைச் சந்தைப்படுத்தல் நிறுவகம் அதனை நடத்தி வந்துள்ளது. பிரித்தானியாவில் 1980இல் தொடங்கிய பயனுறுதி விருதுகளும், 1954இல் வெனிஸ் நகரில் தொடங்கிப் பின்னர் பிரான்ஸின் கான் நகரில் நிலைபெற்ற சிங்க விருதுகளும் உலகப் பெயர் பெற்றவை.

பெயர்கள் வேறாயினும், பயனை அளந்து பரிசளிக்கும் விருதுகள் யாவும் கேட்கும் கேள்விகள் நான்கே. தொடக்கத்தில் நிலைமை என்ன? எதனைச் சாதிப்பதென முடிவு செய்தீர்கள்? அதற்காக என்ன செய்தீர்கள்? முடிவில் என்ன மாறிற்று? வெள்ளிப் பட்டடை விருதினர் இவற்றை ஆராய்ச்சி, திட்டம், செயற்பாடு, மதிப்பீடு என வகுத்துள்ளனர். எஃபி விருதினர் அண்மைய ஆண்டுகளில் அறைகூவல், எண்ணம், செயலாக்கம் ஆகிய முதல் மூன்று பகுதிகளுக்கும் தனித்தனியே நூற்றுக்கு 23 வீதத்துக்குச் சற்றுக் கூடுதலாகவும், பயன் என்னும் இறுதிப் பகுதிக்கு மட்டும் 30 வீதமும் புள்ளிகள் வழங்கி வந்துள்ளனர். பயனுக்கே பெரும் பங்கு என்பது இதனாற் புலனாகும்.

ஆயினும் விண்ணப்பிப்போரிற் பலர் மூன்றாங் கேள்விக்கே பக்கங்களை நிரப்பிவிடுகின்றனர். எத்தனை சுவரொட்டிகள், எத்தனை கூட்டங்கள், எத்தனை வானொலி நிகழ்ச்சிகள் என அடுக்கிச் செல்வர். நான்காங் கேள்விக்கு வரும்போது, 'மக்களிடையே பெரும் வரவேற்புக் கிட்டியது' என்ற ஒரே வரியுடன் முடித்துவிடுவர். வரவேற்பு என்பதை எந்த அளவுகோலால் அளந்தனர் என்பதை நடுவர் எங்ஙனம் அறிவர்?

முதல் நாளே எழுதப்பட வேண்டிய வரி

ஓர் உதாரணத்தைக் கற்பனை செய்து பார்ப்போம். ஒரு மாவட்ட வைத்தியசாலையின் இரத்த வங்கி, இளைஞரிடையே இரத்ததானத்தை வளர்க்க ஓர் இயக்கத்தை நடத்துகிறதென வைத்துக்கொள்வோம். 'இரத்ததானம் பற்றிய விழிப்புணர்வை ஏற்படுத்துதல்' என்று நோக்கத்தை எழுதினால், அது கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் அது நிறைவேறிற்றா இல்லையா என்று ஆண்டு முடிவில் எவராலும் கூற இயலாது. 'முதன்முறையாக இரத்தம் வழங்குவோரில் 25 வயதுக்குட்பட்டோர் தொகை சென்ற ஆண்டில் மாதம் 40. அதனை இவ்வாண்டு மார்கழிக்குள் மாதம் 60 ஆக உயர்த்துதல்' என்று எழுதினால் நிலைமை வேறு. யார், எது, எவ்வளவு, எப்போதைக்குள் என்னும் நான்கும் அதில் அடங்கியுள்ளன. ஐம்பத்தைந்துடன் நின்றுவிட்டாலும் அதனை மறைக்க இயலாது. மறைக்க இயலாதபடி எழுதப்பட்டமையே அவ்வரியின் வலிமை.

இவ்வரியைப் பணி முடிந்த பின்னர் எழுத முடியாது என்பதைச் சிந்திக்க வேண்டும். சென்ற ஆண்டு நாற்பது பேர் என்ற கணக்கை இயக்கம் தொடங்கு முன்னரே எடுத்து வைத்திருந்தால் மட்டுமே இறுதியில் ஒப்பிட்டுக் காட்டலாம். வீட்டுச் சுவரில் பிள்ளையின் உயரத்தைக் கோடிட்டு வைக்கும் தாய்க்கு இது நன்கு தெரியும். பழைய கோடு இல்லையாயின், பிள்ளை எவ்வளவு வளர்ந்தது என்று இன்றைய கோட்டினால் எங்ஙனம் கூறுவது? ஆகவே விருதுக்கான விண்ணப்பத்தின் தலையாய பகுதி, விருது பற்றிய நினைப்பே இல்லாத முதல் நாளில் எழுதப்படுகின்றது.

ஒரு பத்திரிகையும் நுளம்பும்

இனி, நம் நாட்டில் நிகழ்ந்த ஒரு பணியை எடுத்துக்கொள்வோம். 2014ஆம் ஆண்டு ஏப்பிரல் 7ஆம் திகதி கொண்டாடப்பட்ட உலக சுகாதார தினத்துக்கு, நுளம்பு முதலிய நோய்பரப்பிகளே கருப்பொருளாக அமைந்தன. அக்காலத்தில் 'மவ்பிம' என்னும் சிங்கள நாளிதழும், கொழும்பிலுள்ள லியோ பேர்னற் விளம்பரக் கம்பனியும் சேர்ந்து ஒரு புதுமையைச் செய்தன. நம் நாட்டின் தென்பகுதியில் நெடுங்காலமாகப் பயிரிடப்பட்டுவரும் சித்திரனெல்லாப் புல்லின் எண்ணெய் நுளம்பை விரட்டும் இயல்புடையது. அதனை அச்சு மையுடன் கலந்து பத்திரிகையையே அச்சிட்டனர். வாசிப்பவர் கையிலுள்ள தாளே நுளம்பை அகற்றும் பொருளாயிற்று.

இப்பணியின் உயிர் எங்கே இருக்கின்றது? மையில் எண்ணெயைக் கலந்த தந்திரத்தில் மட்டுமன்று. டெங்கு நுளம்பு பகலிற் கடிப்பது. அதிகாலையிலும் பொழுது சாயும் நேரத்திலும் அதன் கடி மிகுதி. மக்கள் பத்திரிகையை விரித்து அமர்வதும் பெரும்பாலும் அந்த வேளைகளிலேயே. நுளம்பின் நேரமும் வாசகரின் நேரமும் ஒன்றே என்று கண்டுகொண்டதுதான் அங்கே ஆராய்ச்சி. விண்ணப்பத்தின் முதற் பகுதியில் நடுவர் தேடுவது இத்தகைய ஒரு கண்டுபிடிப்பையே. பல நூறு பக்கப் புள்ளிவிபரங்களைக் காட்டிலும், பணிக்கு வழிகாட்டிய ஒரே ஒரு உண்மை அவருக்கு மேலானது.

பயன் யாது? அன்று காலை 10 மணிக்குள் பத்திரிகை விற்றுத் தீர்ந்தது என்றும், விற்பனை நூற்றுக்கு 30 வீதம் உயர்ந்தது என்றும் இப்பணியை நடத்தியோர் அறிவித்தனர். பத்திரிகைக்கு இது நல்ல பயன் என்பதில் ஐயமில்லை. ஆனால் நடுவரின் ஆசனத்தில் நாம் அமர்ந்து பார்த்தால், இன்னொரு கேள்வி எழும். பணியின் நோக்கம் பத்திரிகை விற்பனையா, டெங்குத் தடுப்பா? டெங்குத் தடுப்பெனின், விற்பனை உயர்வு அதற்குச் சாட்சியாகாது. வீட்டைச் சுற்றித் தேங்கிய நீரை அகற்றியோர் எத்தனை பேர், காய்ச்சல் கண்டதும் தாமதியாது வைத்தியரிடம் சென்றோர் எத்தனை பேர் என்பனவே சாட்சிகளாகும். ஒரு நாளிதழின் ஒரு நாட் பதிப்பு நாட்டின் டெங்குக் கணக்கையே மாற்றிவிடும் என எவரும் எதிர்பார்க்கமாட்டார். 2017இல் இந்நாட்டில் 186,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோய்க்குள்ளானதாகப் பதிவாகியுள்ளது. மழை, வைரசு வகை, நகரக் குப்பை எனப் பல காரணங்கள் சேர்ந்தே அந்நோய் பெருகுகின்றது. ஆதலால் நோக்கத்தைத் தன் கைக்கு எட்டும் அளவில் வகுத்து, அந்த அளவுக்குள் நிறைவேறியதைச் சொல்பவரே நம்பத் தக்கவர்.

இரைச்சல் வேறு, பயன் வேறு

மக்கள் தொடர்புத் துறையில் நெடுங்காலமாக ஒரு கணக்கு வழக்கில் இருந்தது. ஒரு நிறுவனத்தைப் பற்றிப் பத்திரிகையிற் செய்தி வந்தால், அது எத்தனை அங்குலம் என்று அளப்பர். அதே அளவு இடத்தை விளம்பரமாக வாங்கினால் எவ்வளவு பணம் செல்லுமோ, அதுவே தம் பணியின் மதிப்பு என்பர். இக்கணக்கில் ஒரு வேடிக்கை உண்டு. அந்நிறுவனத்தைத் திட்டி எழுதிய செய்தியும் அங்குலக் கணக்கில் இலாபமாகவே தோன்றும்!

2010ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டின் பார்சிலோனா நகரில் கூடிய இத்துறை அறிஞர்கள், அளவீட்டுக்கான ஏழு கோட்பாடுகளை ஏற்றுக்கொண்டனர். விளம்பரக் கட்டணத்தை வைத்து மதிப்பிடுவது மக்கள் தொடர்பின் மதிப்பாகாது என்பது அவற்றுள் ஒன்று. வெளிவந்தவற்றை எண்ணுவதினும் விளைந்தவற்றை அளப்பதே மேல் என்பது மற்றொன்று. இன்று இணையத்தில் எத்தனை பேர் பார்த்தனர், எத்தனை பேர் விருப்பக்குறி இட்டனர் என்ற எண்களை அடுக்குவோருக்கும் இக்கோட்பாடு பொருந்தும். சந்தையில் பறை முழங்கிய ஓசையை எத்தனை பேர் கேட்டனர் என்பது ஒரு கணக்கு. கேட்டவர் என்ன செய்தனர் என்பது வேறொரு கணக்கு.

காகமும் பனம்பழமும்

காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதையை நாம் எல்லோரும் அறிவோம். காகம் அமர்ந்தமையால் விழுந்ததா, கனிந்தமையால் விழுந்ததா? பயனைப் பற்றி எழுதும் ஒவ்வொருவரும் இக்கேள்விக்கு விடை கூறியாக வேண்டும்.

ஒஸ்திரேலியாவின் மெல்பேண் நகரப் புகையிரதக் கம்பனி 2012ஆம் ஆண்டு நவம்பர் மாதம் ஒரு பாடலையும் கேலிச்சித்திரப் படமொன்றையும் வெளியிட்டது. மடமையாய் மாளும் வழிகள் எனப் பொருள்படும் தலைப்பைக் கொண்ட அப்பாடல், தண்டவாளத்தருகே கவனமின்றி நடப்பதன் ஆபத்தை நகைச்சுவையாக எடுத்துரைத்தது. உலகமெங்கும் அது பரவியது. 2013இல் கான் விழாவில் ஐந்து தலைமைப் பரிசுகளைப் பெற்றது. பயன் குறித்து அக்கம்பனி வெளியிட்ட கணக்கு ஆராயத் தக்கது. 2011 நவம்பர் முதல் 2012 ஜனவரி வரை, பத்து லட்சம் கிலோமீற்றர் ஓட்டத்துக்கு 13.29 தடவை மயிரிழையில் விபத்துத் தப்பியது. மறு ஆண்டு அதே மாதங்களில் அத்தொகை 9.17 ஆகக் குறைந்தது. அதாவது மூன்றிலொரு பங்குக்குச் சற்றுக் குறைவான வீழ்ச்சி.

இக்கணக்கில் மெச்சத்தக்கவை இரண்டு. ஒன்று, அதே பருவத்தின் மூன்று மாதங்களை ஒப்பிட்டமை. விடுமுறைக் காலத்தைப் பாடசாலைக் காலத்துடன் ஒப்பிட்டால் கணக்குப் பிழைத்துவிடும். மற்றது, வெறும் தொகையைக் கூறாமல், வண்டிகள் ஓடிய தூரத்துக்கு வகுத்துக் கூறியமை. வண்டிகள் கூடினால் ஆபத்தும் கூடுமன்றோ? ஆயினும் கேட்பதற்கு இன்னும் இடமுண்டு. மூன்று மாதங்கள் போதுமா? முந்திய ஆண்டுகளிலும் இத்தொகை ஏறி இறங்கியதா? கடவைகளில் வேறு பாதுகாப்பு வேலைகள் ஏதும் நடந்தனவா? உறுதியான விண்ணப்பத்தை எழுதுபவர், நடுவர் இக்கேள்விகளைக் கேட்கும் வரை காத்திருப்பதில்லை. 'இக்காலத்தில் பிற காரணங்கள் இவையிவை இருந்தன. அவற்றின் பங்கு இவ்வளவே' என்று தாமே எடுத்துக் கூறிவிடுவர். பிரித்தானியாவின் பயனுறுதி விருதுகள் இவ்வகை விளக்கத்தையே கட்டுரையின் முதுகெலும்பாகக் கொள்கின்றன. விலை குறைந்ததா, போட்டியாளர் கடையை மூடினரா, மழை பொய்த்ததா என ஒவ்வொன்றாக விலக்கிய பின் எஞ்சுவதே தொடர்புப் பணியின் உரிமைப் பங்கு.

பூசணிக்காய் சோற்றில் மறையுமா?

விருதின் மீது கொண்ட ஆசை வரம்பு கடக்கும்போது நிகழ்வனவற்றுக்கும் வரலாறு சாட்சியாக உள்ளது. 2016இல் சிங்கப்பூரிலுள்ள ஒரு விளம்பர நிறுவனம், மத்தியதரைக் கடலில் தத்தளிக்கும் அகதிகளின் படகுகளைப் பொதுமக்களே செய்மதிப் படங்களிற் கண்டுபிடிக்க உதவும் எனக் கூறி, 'ஐ சீ' என்ற கைத்தொலைபேசிச் செயலியை வெளியிட்டது. கான் விழாவில் அதற்கு வெண்கலச் சிங்கமும் கிடைத்தது. ஆனால் அச்செயலி காட்டியது அவ்வேளையின் கடலையன்று, மாறாத ஒரே படத்தையே என்று தொழில்நுட்பம் அறிந்தோர் கண்டறிந்தனர். செயலி நீக்கப்பட்டது, பரிசும் திருப்பிக் கொடுக்கப்பட்டது. கடலில் மூழ்கும் மனிதரின் துயரத்தைப் பரிசுக்கான பொருளாக்கியமையே அதில் மனத்தை உறுத்துவது.

2025ஆம் ஆண்டிலும் அவ்விழாவில் அத்தகைய ஒன்று நிகழ்ந்தது. பிரேசில் நாட்டு நிறுவனமொன்று தலைமைப் பரிசு பெற்ற பின், அதன் விளக்கப் படத்தில் செயற்கை நுண்ணறிவாற் புனையப்பட்டும் மாற்றப்பட்டும் இருந்த காட்சிகள் சேர்க்கப்பட்டமை வெளியாயிற்று. தொலைக்காட்சிச் செய்தியொன்றின் காட்சியும் அவ்வாறு திருத்தப்பட்டிருந்தது. பரிசு மீளப்பெறப்பட்டது, விழாவினர் விதிகளையும் இறுக்கினர்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முயல்வோர், உண்பவர் கையால் பிசைந்து பார்ப்பார் என்பதை மறந்துவிடுகின்றனர். இழப்பு அவர்களுக்கு மட்டுமன்று. அடுத்த ஆண்டு உண்மையான பணியொன்றைச் செய்து விண்ணப்பிக்கும் ஒரு சிறிய நிறுவனத்தையும் நடுவர் ஐயக் கண்ணுடனேயே நோக்குவர்.

எழுத அமர்வோருக்குச் சில குறிப்புகள்

முதலாவதாக, பணி தொடங்கிய நாளிலேயே ஒரு கொப்பியைத் திறந்து வையுங்கள். ஒவ்வொரு கூட்டத்தின் திகதி, செலவான தொகை, மக்கள் கூறிய கருத்து, மாற்றிக்கொண்ட திட்டம் ஆகியவற்றை அவ்வப்போதே குறித்துக்கொள்ளுங்கள். முடிவுத் திகதிக்கு முதல் நாள் இரவில் நினைவிலிருந்து தேடும் எண்கள் நம்பத் தக்கவையல்ல.

இரண்டாவதாக, விதிகளை இருமுறை வாசியுங்கள். எந்தப் பிரிவிற் போட்டியிடுவது என்பதை நன்கு சிந்தித்துத் தெரிவு செய்யுங்கள். நல்ல விண்ணப்பமும் பொருந்தாத பிரிவில் நுழைந்தால் தோற்கும். பக்க அளவை மீறிய விண்ணப்பத்தை, அது எவ்வளவு சிறந்ததாயினும், ஒதுக்கிவிட நடுவருக்கு உரிமையுண்டு.

மூன்றாவதாக, சுருக்கத்தைக் கடைசியில் எழுதுங்கள். ஆனால் அதற்கே அதிக நேரத்தைச் செலவிடுங்கள். ஒரே நாளில் பல விண்ணப்பங்களை வாசிக்கும் நடுவர், முதற் பத்தியிலேயே பணியின் சாரத்தை அறிய விரும்புவார். 'தலைசிறந்த', 'இணையற்ற', 'புரட்சிகரமான' என்னும் அடைமொழிகளை நீக்கிவிட்டு மறுபடி வாசித்துப் பாருங்கள். எஞ்சியிருப்பது வலுவுடன் நிற்குமானால் விண்ணப்பம் நன்று. நிற்காவிடின், குறை சொல்லில் இல்லை. பணியிலோ சான்றிலோ உள்ளது.

நான்காவதாக, நோக்கம், செயல், பயன் ஆகிய மூன்றும் ஒரே நூலிற் கோத்த மணிகளாக இருக்கின்றனவா என்று சோதியுங்கள். இளைஞரை நோக்கிய இயக்கம் என்று தொடங்கி, முதியோரின் பாராட்டுக் கடிதங்களுடன் முடிப்பது பொருந்தாது.

ஐந்தாவதாக, தவறியவற்றையும் கூறுங்கள். 'வானொலி நிகழ்ச்சியால் எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை. ஆதலால் இரண்டாம் மாதத்தில் பாடசாலைகளுக்கு நேரே சென்றோம்' என்று எழுதுவது இழுக்கன்று. அளந்து பார்த்தவரால் மட்டுமே அவ்வாறு எழுத முடியும் என்பதை அனுபவமுள்ள நடுவர் அறிவர்.

இறுதியாக, பணியைப் பற்றி எதுவும் அறியாத ஒருவரிடம் விண்ணப்பத்தை வாசிக்கக் கொடுங்கள். வீட்டிலுள்ள தாயாரோ, உயர்தர வகுப்பிற் பயிலும் தம்பியோ போதும். 'இவர்கள் செய்தது என்ன? அதனால் மாறியது என்ன?' என்னும் இரு கேள்விகளுக்கும் தாளைப் பாராமலே அவர்கள் விடை கூறினால், அதனை அனுப்பிவிடலாம்.

போட்டியிற் பலர் கலந்துகொள்வர். பரிசு பெறுவோர் சிலரே. ஆயினும் மேலே கூறியவாறு கணக்கெடுத்து, அளந்து, பிற காரணங்களை விலக்கி எழுதிய ஒருவருக்கு ஒரு செல்வம் எஞ்சுகின்றது. தம் பணியால் ஊருக்கு விளைந்தது எவ்வளவு என்பதை அவர் ஐயமற அறிந்திருப்பார். அடுத்த ஆண்டு எதைத் தொடர்வது, எதைக் கைவிடுவது என்று அவருக்குத் தெரியும். இரத்த வங்கியின் கணக்கில் மாதம் பதினைந்து இளைஞர் கூடியிருப்பாராயின், விருது கிடைத்தாலும் கிடையாவிட்டாலும், அந்தப் பதினைந்து பேரின் இரத்தம் நோயாளரிடம் போய்ச் சேர்ந்திருக்கும்.